பாடக்குறிப்பும் திறன்மிகு வகுப்பறையும்: புதிய ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் ஆறு முதல் எட்டு வரை கற்பிக்கப் புதிதாக வந்திருப்பவர்கள், பயிற்சி நாள்களிலும் குறுவள மையக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது. ஒத்துவராததை விட்டுவிடலாம்.

தலைமையாசிரியர் கையெழுத்துக்காகத்தானே பாடக்குறிப்பு எழுதுகிறோம்?

கையெழுத்தும் வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வந்தால் முதலில் கேட்பதும் அந்த நோட்டைத்தான். ஆனால் குறிப்பு நல்ல குறிப்பா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: நீங்கள் திடீர் விடுப்பில் போனால், பக்கத்து வகுப்பு ஆசிரியர் அதை வைத்துக்கொண்டு உங்கள் பாடத்தை நடத்த முடியுமா? பெரும்பாலான குறிப்புகள் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். ‘ஆசிரியர் விளக்குவார், மாணவர்கள் கவனிப்பர்’ என்ற வரி எந்த வகுப்புக்கும் எந்தப் பாடத்துக்கும் பொருந்துகிறது. அதனாலேயே அது எந்தப் பாடத்துக்கும் பயன்படுவதில்லை. சென்ற ஆண்டு நோட்டைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றி எழுதுவதற்குச் செலவாகும் மை வீண்.

குறிப்பை எங்கிருந்து எழுதத் தொடங்குவது? பாடநூலின் முதல் பத்தியிலிருந்தா?

இல்லை. பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆறாம் வகுப்புப் பின்னங்களை எடுத்துக்கொள்வோம். வேற்றினப் பின்னங்களைக் கூட்டும் பாடம். அரையுடன் மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால் வகுப்பில் கணிசமானவர்கள் ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. இது கவனக்குறைவால் வரும் பிழை அல்ல. முழு எண்களில் பல ஆண்டுகளாகச் சரியாக வந்த பழக்கம் இங்கே வந்து நிற்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மீச்சிறு பொது மடங்கு காணும் முறையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால், பிள்ளைகள் அன்றைக்கு முறையைப் பின்பற்றுவார்கள். அடுத்த மாதத் தேர்வில் மறுபடியும் ஐந்தில் இரண்டு வந்து நிற்கும்.

ஆகவே குறிப்பில் முதலில் எழுத வேண்டியது: ‘2/5 என்று வரும்.’ அடுத்து, அந்த விடை தவறு என்பதைப் பிள்ளையே காண என்ன செய்யலாம் என்று யோசியுங்கள். 12 செ.மீ. நீளத்தில் காகிதப் பட்டைகள் வெட்டிக் கொடுங்கள். அதில் பாதி 6 செ.மீ.; மூன்றில் ஒன்று 4 செ.மீ. இரண்டையும் வரிசையாக ஒட்டினால் 10 செ.மீ. ஐந்தில் இரண்டோ 4.8 செ.மீ.தான். ‘ஆறு சென்டிமீட்டர் துண்டோடு இன்னொரு துண்டைச் சேர்த்த பிறகு நீளம் எப்படிக் குறைந்தது?’ என்று கேட்டுவிட்டு அமைதியாக நில்லுங்கள். இந்தக் கேள்விதான் பாடத்தின் மையம். சமான பின்னம், பொதுப் பகுதி எல்லாம் இதற்குப் பிறகு, தேவை உணர்ந்த காதுகளில் போய் விழும். 10 செ.மீ. என்பது 12இல் எத்தனை பங்கு என்று கேட்டால் ஆறில் ஐந்து என்ற விடை அவர்கள் கையிலேயே இருக்கும்.

தடுக்கும் இடம் எது என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? சென்ற ஆண்டு விடைத்தாள்களைப் புரட்டுங்கள். பள்ளியின் மூத்த ஆசிரியரிடம் ‘இந்தப் பாடத்தில் பிள்ளைகள் என்ன தப்பு செய்வார்கள்?’ என்று கேளுங்கள். பதில் மளமளவென்று வரும். பல ஆண்டு அனுபவம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தத் தவறுகளின் பட்டியல்தான்.

கற்றல் விளைவு, கற்பித்தல் நோக்கம் இரண்டும் ஒன்றா?

நோக்கம் நீங்கள் செய்ய விரும்புவது. கற்றல் விளைவு மணி அடிக்கும்போது பிள்ளை செய்து காட்டுவது. பெஞ்சமின் புளூமும் உடன் பணியாற்றியவர்களும் 1956இல் வெளியிட்ட கல்வி நோக்கங்களின் வகைப்பாட்டை ஆசிரியர் பயிற்சியில் படித்திருப்பீர்கள். அதிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டால் போதும். ‘அறிவர்’, ‘புரிந்துகொள்வர்’ என்று எழுதாதீர்கள். அவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. ‘பட்டை வரைந்து இரு பின்னங்களின் கூடுதலைக் காட்டுவர்’ என்று எழுதினால் பார்க்க முடியும்.

அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தலும் வழங்குதலும், வலுவூட்டுதல், மதிப்பிடுதல், குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி என்று பாடக்குறிப்பில் இத்தனை படிகள்: எல்லாவற்றையும் 40 நிமிடத்தில் எப்படி முடிப்பது?

ஒரே பாடவேளையில் முடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு பாடப்பகுதிக்கு இரண்டு, மூன்று பாடவேளைகள் ஆகும். படிகளை அவற்றில் பரப்பிக்கொள்ளுங்கள். தலைப்புகளைக் குறிப்பேட்டில் வைத்துக்கொள்வதில் தவறில்லை, அலுவலர் அவற்றைத்தான் தேடுவார். ஆனால் சனியின் வளையங்களைப் பற்றிய பாடத்துக்கும் உவமையணிக்கும் ஒரே அளவில் மனவரைபடம் வரைய வைப்பது சடங்கு.

நேரத்தைப் பிரிக்கும்போது நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: கடைசி ஐந்து நிமிடத்தை முதலில் ஒதுக்குங்கள். அதில் ஒரே கேள்வி, எல்லாரும் தனித்தனியே துண்டுத் தாளில் விடை. பெயரைப் பார்த்துத் திருத்த வேண்டாம். தாள்களைச் சரி, தவறு, வெற்று என்று மூன்று குவியலாகப் பிரித்தால் மறுநாள் பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டால் முன்வரிசையில் இருப்பவர்கள் மட்டுமே பதில் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

காத்திருங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறை உரையாடல்களைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருந்தது தெரிந்தது. அதை மூன்று வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன. அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று வினாடி மௌனம் முன்னால் நிற்பவருக்கு யுகம்போலத் தோன்றும். மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். கையைத் தூக்கியவரை விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கேட்பதும் பயன் தரும்.

ஏழாம் வகுப்பில் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் இருக்கிறார், நாளிதழ் படிப்பவரும் இருக்கிறார். ஒரே குறிப்பு எப்படிப் பொருந்தும்?

2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, பின்னர் ஐந்தாம் வகுப்புவரை விரிந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளையின் திறனுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் இருப்பதைத் தொடக்கநிலை ஆசிரியர்களிடம் கேட்டால் சொல்வார்கள். நடுநிலையிலும் அந்த யோசனையைக் கடன் வாங்கலாம். மூன்று தனிப் பாடங்கள் தயாரிக்கப் போனால் ஒரு வாரத்தில் களைத்துவிடுவீர்கள். பாடம் ஒன்று, கேள்வி ஒன்று, வேலைத்தாள் மட்டும் மூன்று விதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்குக் காகிதப் பட்டையும் படமும். நடுவில் இருப்பவருக்குப் பாடநூல் கணக்கு. முந்திக்கொண்டு முடிப்பவருக்கு ‘விடை 5/6 வரும்படி வேறு இரண்டு பின்னங்கள் கண்டுபிடி’ போன்ற திறந்த வினா. ‘முடித்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்’ என்பது நல்ல மாணவருக்குக் கொடுக்கும் தண்டனை.

திறன்மிகு வகுப்பறை வந்துவிட்டது. தினமும் திரையைப் பயன்படுத்த வேண்டுமா?

வேண்டியதில்லை. கரும்பலகையும் கையில் கிடைக்கும் பொருளும் தோற்கிற நிமிடம் எது என்று பாருங்கள். திரைக்கு அந்த நிமிடத்தைக் கொடுங்கள்.

ஏழாம் வகுப்பு மின்னோட்டப் பாடத்தில் பிள்ளைகள் தடுக்கும் இடம் நன்கு தெரிந்தது: பல்பு மின்னோட்டத்தைத் ‘தின்றுவிடுகிறது’, அதனால் பல்பைத் தாண்டிய கம்பியில் ஓட்டம் குறைவு என்று நம்புகிறார்கள். முதலில் நிஜமான மின்கலம், கம்பி, டார்ச் பல்பு. அதைக் கையால் தொட்டு எரிய வைக்காத பிள்ளைக்குத் திரையில் எதைக் காட்டினாலும் அது சினிமா. பல்பு எரிந்த பிறகும் கம்பிக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. கரும்பலகையில் அம்புக்குறி போட்டால் நகராது. திரைக்கு வேலை இங்கேதான். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் என்ற இலவச உருவகப்படுத்தல்களில் மின்சுற்று அமைக்கும் பகுதி ஒன்று உண்டு. அதில் எலக்ட்ரான்கள் பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் நகர்வதைப் பார்க்கலாம். ஓட்டிக் காட்டுவதற்கு முன் ‘பல்பைத் தாண்டியதும் என்ன ஆகும்?’ என்று எழுத வைத்துவிடுங்கள்.

சமூக அறிவியலில் காவிரி. பாடநூல் வரைபடத்தில் அது நீலக்கோடு. கூகுள் எர்த்தில் மேட்டூரிலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தால் முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதும், கல்லணைக்குக் கீழே வயல்களின் பச்சை விசிறியாக விரிவதும் தெரியும். டெல்டா என்பதற்கு அதற்குமேல் வரையறை தேவைப்படாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சந்திரனின் பிறைகளுக்கு அழகான அசைபடங்கள் ஏராளம். இருந்தும் நான் அங்கே திரையை அணைத்துவிடச் சொல்வேன். வகுப்பை இருட்டாக்கி, ஒரு மூலையில் விளக்கு வைத்து, பிள்ளை கையில் பந்தைக் கொடுத்துத் தன்னைத்தானே சுற்றச் சொன்னால், பிறை அவர் கண்ணெதிரே வளரும், தேயும். முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதற்கும் முதலில் காகித முக்கோணத்தின் மூன்று முனைகளைக் கிழித்து ஒட்டவையுங்கள். ‘எல்லா முக்கோணத்துக்குமா?’ என்று ஒருவர் கேட்கும்போது ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளைத் திறந்து முனையைப் பிடித்து இழுங்கள். வரிசை மாறினால் பாதிப் பயன் போய்விடும்.

மணற்கேணி, தீக்‌ஷா, கல்வித் தொலைக்காட்சி: காணொலியை எதிலிருந்து எடுப்பது?

மூன்றுமே பொதுச் சொத்து, கட்டணம் இல்லை. மணற்கேணி செயலியை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 2023இல் வெளியிட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை நம் பாடத்திட்டத்துக்கான அசைவூட்டக் காணொலிகள் அதில் இருப்பதால் முதலில் அங்கே தேடுங்கள். தீக்‌ஷா 2017இல் வந்த தேசியத் தளம். 2018 முதல் வந்த நம் புதிய பாடநூல்களில் இருக்கும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படித்தால் பாடத்துக்குரிய பொருள்கள் கிடைக்கும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பழைய நிகழ்ச்சிகள் யூடியூப்பில் உள்ளன. நீங்கள் முழுதும் பார்க்காத எதையும் வகுப்பில் போடாதீர்கள். நடுவில் உச்சரிப்புப் பிழையோ, வேறு பாடத்திட்டத்தின் கலைச்சொல்லோ வந்தால் அதைச் சமாளிக்கவே பத்து நிமிடம் போய்விடும்.

காணொலி போட்டால் வகுப்பு அமைதியாக இருக்கிறது. அதுவே நல்லதுதானே?

அமைதி கற்றலுக்குச் சான்று அல்ல. இருபது நிமிடக் காணொலியை முழுதாக ஓடவிட்டு, ஆசிரியர் வருகைப் பதிவேட்டை முடிக்கும் காட்சியை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட துண்டு வேண்டாம். ஓடவிடும் முன் ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். எதைத் தேடிப் பார்க்கிறோம் என்று தெரியாத கண் நிறத்தையும் இசையையும் மட்டும் பார்க்கும். திருப்பம் வரும் இடத்துக்குச் சற்று முன்னே நிறுத்தி ஊகிக்கச் சொல்லுங்கள். ஒலியை முழுதும் அணைத்துவிட்டு, பிள்ளைகளில் ஒருவரை விவரிக்கச் சொல்லும் முறையைச் செய்து பாருங்கள், குறிப்பாகத் தமிழ்வழியில் படிப்பவர்களுக்கு ஆங்கிலக் காணொலிதான் கிடைத்தது என்றால். படம் காணொலி எடுத்தவர்களுடையது, சொற்கள் நம்முடையவை. பொருத்தமான கலைச்சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுத்தால் போதும். பிறகு அதே துண்டை ஒலியுடன் மறுபடி போடலாம்.

இணையம் நின்றுவிடுகிறது, மின்சாரம் போகிறது. அந்த நாளில்?

இணையத்தை நம்பி வகுப்புக்குள் போகாதீர்கள். முந்தைய நாளே தரவிறக்கிப் பென் டிரைவிலும் மடிக்கணினியிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபெட் உருவகப்படுத்தல்களையும் தரவிறக்கி இணையமின்றி இயக்கலாம். மின்சாரம் போனால் என்ன செய்வேன் என்பதற்குக் குறிப்பில் ஒரு வரி இருக்கட்டும். இன்னும் சில சில்லறைத் தொல்லைகள்: காலை வெயில் நேராக விழும் சுவரில் படக்காட்டி எடுபடாது, கடைசி வரிசையில் நீங்களே போய் உட்கார்ந்து எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள், வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வேண்டவே வேண்டாம், மடிக்கணினி பாதியில் உறங்கிவிடாதபடி அமைப்பை மாற்றுங்கள், உங்கள் வாட்ஸ்அப் செய்தி திரையில் எட்டிப்பார்க்காதபடி அறிவிப்புகளை நிறுத்துங்கள். கடைசியாகச் சொன்னதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளிடம் கருவி எதுவும் இல்லை. தொழில்நுட்பத்தால் மதிப்பீடு செய்ய முடியுமா?

முடியும். பிளிக்கர்ஸ் என்ற முறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அச்சிட்ட அட்டை. அதன் நான்கு பக்கங்களும் நான்கு விடைகள். தாம் நினைக்கும் விடை மேலே வரும்படி அட்டையைப் பிடிப்பார்கள். ஆசிரியரின் ஒரே கைப்பேசிக் கேமரா வகுப்பு முழுவதையும் படித்துவிடும். அட்டைகளின் வடிவம் ஒவ்வொன்றும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவதும் எளிதல்ல. அதுவும் இயலாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு மார்புக்கு நேரே ஒன்று முதல் நான்கு விரல்களைக் காட்டச் சொல்லுங்கள். பாதிப்பேர் தவறு என்றால் உடனே சரியான விடையைச் சொல்லிவிடாதீர்கள். அருகில் இருப்பவருடன் வாதாடச் சொல்லி மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இது. நம் எட்டாம் வகுப்பிலும் நன்றாகவே வேலை செய்யும், சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

ஹைடெக் லேபில் ஒரு கணினிக்கு மூன்று பேர். ஒருவரே விசைப்பலகையைப் பிடித்துக்கொள்கிறாரே?

பெரும்பாலும் அந்த ஒருவர் பையனாகத்தான் இருப்பார், கவனித்துப் பாருங்கள். மூன்று வேலைகளாகப் பிரியுங்கள்: ஒருவர் கை, ஒருவர் சொல்பவர், ஒருவர் நோட்டில் எழுதுபவர். சொல்பவர் சொல்லாமல் கை எதையும் தொடக்கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் முழுப் பாடக்குறிப்பும் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறதே?

வருகிறது. படிப்பதற்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் வகுப்பில் யார் எங்கே தடுக்குவார் என்பது அதற்குத் தெரியாது. குறிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று மேலே சொன்னேன். அதனால் முழுக் குறிப்பைக் கேட்காமல் சிறு வேலைகளைக் கொடுங்கள். ஒரே கருத்துக்குப் பத்து வினாக்கள், எளிய சொற்களில் ஒரு பத்தி, ஒரு கணக்கில் மாணவர் செய்யக்கூடிய தவறுகளின் பட்டியல். வந்ததில் பாதியைக் கழித்துவிடுங்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், ஆண்டுகளையும் பெயர்களையும் பாடநூலோடு ஒப்பிடுங்கள். தயங்காத தொனியில் தவறாகச் சொல்வது இந்தக் கருவிகளின் இயல்பு. தமிழ்க் கலைச்சொற்களில் கூடுதல் கவனம் வேண்டும். நம் பாடநூல் ‘முடுக்கம்’ என்று சொல்வதை அது வேறு ஏதாவது பெயரில் அழைக்கக்கூடும். மாணவரின் பெயர், எமிஸ் (பள்ளிக் கல்வித் தகவல் தளம்) எண், மதிப்பெண் ஆகியவற்றை அதில் உள்ளிடவே கூடாது.

தமிழில் தட்டச்சு செய்த வினாத்தாள் இன்னொரு கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஏன்?

பழைய எழுத்துரு ஒன்றில் அடித்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது சரியாகத் தெரியாது. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். விசைப்பலகைக்குத் தமிழ்99 பழகுவது நல்லது; கணினி இதற்குமுன் தொடாதவர்களுக்கும் சில வாரங்களில் கை வந்துவிடும்.

வகுப்பில் நடந்த செயல்பாட்டைப் படம்பிடித்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

பிள்ளைகளின் செயல்பாட்டுத் தாளைப் படம்பிடியுங்கள், முகத்தை வேண்டாம். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. சட்டத்தை விடுங்கள், அழும் பிள்ளையின் படமோ குறைந்த மதிப்பெண் பட்டியலோ நாற்பது பெற்றோர் கைப்பேசியில் சுற்றுவதை எந்த ஆசிரியரும் விரும்பமாட்டார்.

எங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர் கணினியைத் தொடவே தயங்குகிறார். எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பயிற்சி வகுப்பு எடுக்காதீர்கள். அவரிடம் பாடம் இருக்கிறது, உங்களிடம் கருவி இருக்கிறது. சேர்ந்து ஒரு பாடம் திட்டமிடுங்கள். ஜப்பானிய ஆசிரியர்களிடம் பாட ஆய்வு என்று ஒரு வழக்கம் உண்டு. சிலர் கூடி ஒரே பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பின்னால் நின்று ஆசிரியரைப் பார்க்காமல் மாணவர்களைக் கவனிப்பார்கள், பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். அவர்கள் கரும்பலகையை நடுவில் அழிப்பதும் அரிது. பாடம் முடியும்போது முழுப் பயணமும் பலகையில் இடமிருந்து வலமாக நிற்கும். நம் பள்ளியில் இரண்டு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை இதைச் செய்தாலே போதும். அந்த மூத்தவர் தாமாகவே ‘அந்த ரிமோட்டைக் கொடுங்கள், சார்’ என்று கேட்கும் நாள் வரும், வராமலும் போகலாம். அவருடைய கரும்பலகை வேலை உங்களுடையதைவிட நன்றாக இருந்தால் அதில் இழப்பு ஒன்றுமில்லை.

எல்லாப் பாடத்துக்கும் இப்படித் திட்டமிட்டால் ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடுமே?

போய்விடும். அதனால் எல்லாப் பாடத்துக்கும் செய்ய வேண்டாம். வாரத்தில் ஒரு பாடத்தை மட்டும் விரிவாகத் திட்டமிடுங்கள். பிள்ளைகள் ஆண்டுதோறும் சறுக்கும் பாடமாகப் பார்த்து எடுங்கள். மற்றவற்றுக்கு நான்கு வரி போதும்: அவர்கள் செய்யப்போவது, தடுக்கும் இடம், கேட்கப்போகும் கேள்வி, கடைசி ஐந்து நிமிட வினா. பாடம் முடிந்த அன்றே சிவப்பு மையில் குறிப்பின் ஓரத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். ‘பட்டை வெட்ட 15 நிமிடம் போனது, அடுத்த முறை வெட்டியே கொண்டுவர வேண்டும்’, ‘9 பேர் இன்னும் 2/5’ என்பது போல. அடுத்த ஆண்டு அதே பாடத்துக்கு வரும்போது ஞாயிறு மாலையில் அரைமணி நேரம் மிச்சமாகும்.